பாய் போட்டு அளந்த வீடு

வீட்டுக்காரர் கையில் ஒரு கோரைப்பாயோடு வந்தார். 2006, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா அப்போதுதான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஓடு மாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்து, "அந்த மூலையிலதான்ணே ஒழுவுது" என்று மேலே காட்டினாள்.

அவர் மேலே பார்க்கவில்லை. கூடத்துச் சுவரோரம் பாயை விரித்தார். அப்படியே பக்கத்தில் நகர்த்தினார். மறுபடியும் நகர்த்தினார். உதடு மட்டும் அசைந்தது. சமையலறைக்குள் வந்ததும் அடுப்பு மேடையைப் பார்த்து நின்றார்.

"இத இடிச்சிட்டா இன்னும் ரெண்டு விழும்."

"என்னாண்ணே ரெண்டு?"

"பாய், தங்கச்சி."

ஒரு பாய்க்கு ஒரு வெளியூர்க் கூலியாள். இந்த வீட்டில் இத்தனை பாய் விழும். ஆளுக்கு இவ்வளவு வாடகை. மொத்தமும் எங்களால் தர முடியுமானால் இருக்கலாம், முடியாவிட்டால் காலி செய்ய வேண்டும். அவர் சொன்னது இவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. தங்கச்சி என்றுதான் கடைசிவரை பேசினார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அந்த வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. மரக்காணத்தில் அளத்து வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. எங்கள் தெருவிலிருந்து அளத்துக்கு நடந்து போகலாம். வீடு போனால் அம்மாவின் வேலையும் போகும். அது அம்மாவுக்குத் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். 2004 கடைசியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, குப்பங்களில் புது வீடு கட்டிய ஒரு காண்டிராக்டரிடம் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் ஊர்க் கொத்தனார்களில் பலர் கூலி அதிகம் என்று கேரளாவில் இருந்தார்கள். அவர்கள் இல்லாத இடத்துக்குக் காண்டிராக்டர் ஒரிசாவிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார். ஊரில் அவர்களுக்குப் பெயர் பீகாரி. "ஒரிசா" என்று நான் திருத்தினால், "ரெண்டும் இந்திதானேம்மா" என்பார்கள். அந்த ஆட்கள் தங்களுக்குள் பேசியது இந்தியும் இல்லை.

அடுத்த ஒரு வருஷத்தில் ஊரில் விலை ஏறியவை: வீட்டு வாடகை, முட்டை, உருளைக்கிழங்கு, பால், ரேஷனுக்கு வெளியே விற்ற மண்ணெண்ணெய். ஏறாதது அளத்துக் கூலி. இதற்கெல்லாம் காரணம் ஒன்றல்ல. ஜீப்பில் வந்த தொண்டு நிறுவனக்காரர்கள் கேட்ட வாடகைக்கு மாடி வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே இருந்தவர்கள் ஓட்டு வீடுகளுக்கு வந்தார்கள். ஓட்டு வீடுகளில் இருந்த எங்களுக்கு அடுத்து இறங்க இடமில்லை. ஆனால் பழி முழுவதும் பீகாரி மேல் விழுந்தது. ஜீப்பில் வந்தவர்களுக்கு எல்லோரும் வணக்கம் வைத்தார்கள்.

"இந்தப் பாய்க் கணக்கு உங்களுக்கு யாருண்ணே சொன்னாங்க?" என்று அம்மா கேட்டாள்.

வீட்டுக்காரர் சிரித்தார். "உன் தம்பிதான். டீக்கடையில சொல்லிக்கினு இருந்தான். கேரளாவுல ரூமுக்கு வாடகை இல்லியாம், பாய்க்குத்தான் வாடகையாம். கால நீட்டுனா அடுத்தவன் தலையில இடிக்குதாம். ஒரு ரூமுல எத்தினி பாய்டா விழும்னு கேட்டேன். கரெக்டா சொன்னான்."

அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கே கொத்தனார். போன புதிதில் பூத்திலிருந்து போன் செய்து, "இங்க எல்லாரும் என்னப் பாண்டின்னுதான்கா கூப்பிடறானுங்க" என்று அழமாட்டாத குறையாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் பாண்டி என்றால் புதுச்சேரி. பஸ் ஏறினால் கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் தமிழ்நாடு முடிந்துவிடும்.

"நீ ஏன்டா பாண்டின்னு சொல்லிக்கினே? மரக்காணம்னு சொல்ல வேண்டியதுதானே? நாமதான் தமிழ்நாடாச்சே" என்று அம்மா அவரைத் திட்டினாள்.

"அது ஊரு பேரு இல்லக்கா. திட்டு."

தமிழன் எவனானாலும் அங்கே அவன் பாண்டி என்று மாமா விளக்கிய பிறகும் அம்மா நம்பவில்லை. பாண்டிக்காரர்கள் யாரோ அங்கே போய்த் தப்புத் தண்டா செய்திருக்கிறார்கள், அந்தக் கெட்ட பெயர் தம்பி மேல் விழுந்துவிட்டது என்றே பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மளிகைக்கடை பாயிடம் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். "பாய் கணக்கா? எங்க ஆளுங்க மேல போட்றாதீங்கம்மா, இது நம்ம கணக்கு இல்ல" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, காலியாக எந்த வீடும் அவர் காதுக்கு வரவில்லை என்றார்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அதே தெருவில் ஒரு லைன் வீடும் இருந்தது. ஒரிசா ஆட்களை அதில்தான் முதலில் அடைத்திருந்தார். அத்தனை பேருக்கும் ஒரு கக்கூஸ். அதன் செப்டிக் டேங்க் ஒரு குடும்பத்துக்குக் கட்டியது. மழைக்கு முன்பே அது பொங்கித் தெருவில் ஓடியது. பச்சையும் கறுப்புமாகத் தேங்கிய அந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் அம்மா வேலைக்குப் போவாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு. தெருப் பெண்கள் அந்த ஆட்களைப் பார்த்துத் துப்பினார்கள். "குளிக்க மாட்டானுங்க, நாத்தம் புடிச்சவனுங்க."

டேங்க்கின் நீள அகலம், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் சேரும், ஏன் பொங்குகிறது என்று நான் வீட்டுக்காரரிடமே சொன்னேன். இன்னொரு டேங்க் கட்டினால் போதும், எங்கே கட்டலாம் என்றும் சொன்னேன்.

"இன்ஜினியரம்மா, இவனுங்க தின்றதுக்கு நீ கடலையே டேங்க்கா கட்டிக் குடுத்தாலும் ரொம்பிடும்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வீட்டுக்காரர் எங்கள் வார்டுக்கு நின்றார். அம்மாவைப் பார்த்து, "எலெக்ஷன் முடியட்டும் தங்கச்சி, வீட்டப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றார். நாங்கள் இரண்டு ஓட்டு. எங்கள் ரேஷன் கார்டில் பெயர் இருந்ததால் இங்கேயே ஓட்டு இருந்த மாமாவோடு சேர்த்து மூன்று.

பிரசாரக் கூட்டத்தை அந்தத் தேங்கிய தண்ணீருக்கு அருகிலேயே வைத்துக்கொண்டார். வெள்ளை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். "தாய்மாருங்களே, மூக்கப் பொத்திக்கினு போறோமா இல்லியா? யாரால? வந்தவனுங்களால! நான் ஜெயிச்சா இந்த லைன் வீட்டுல ஒரு பீகாரி இருக்க மாட்டான்!" லைன் வீடு யாருடையது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். ஆட்கள் ஊரைவிட்டே போய்விட்டால் பாய் போட ஆள் இருக்காது, வீடு தப்பிக்கும் என்பது அவள் கணக்கு.

ஓட்டுப் போட மாமா கேரளாவிலிருந்து வந்தார். வந்த அன்றே கரைபோட்ட துண்டு கழுத்தில் ஏறிவிட்டது. "வெளியேத்து வெளியேத்து" என்று ஆட்டோவின் பின்னால் கத்திக்கொண்டு போனார். வீட்டில் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"அங்க உன்னப் பாண்டின்னா கோவம் வருதில்ல மாமா?"

"அது வேற, இது வேற. நாம அங்க போயி ஊர நாறடிச்சமா?"

"அங்க எத்தினி பேருக்கு ஒரு கக்கூஸ்?"

மாமா ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சினார். "உனுக்குப் படிப்பு ஏறிப்போச்சு" என்றார். "யக்கா, இவள சீக்கிரம் எவனுக்காவது கட்டிக் குடு." அம்மா சிரித்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

முடிவு வருவதற்கு முன்பே மாமா ரயில் ஏறிவிட்டார். வீட்டுக்காரர் ஜெயித்தார். சொன்ன வாக்கையும் அந்த வாரமே நிறைவேற்றினார். லைன் வீட்டிலிருந்து ஆட்களைக் காலி செய்தார். தெருவில் வெடி வெடித்தார்கள். அந்த ஆட்களைக் கொண்டுவந்து வைப்பதற்கு அவருக்கு எங்கள் வீடு வேண்டியிருந்தது.

பெருமுக்கல் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். மினி லாரி வந்த அன்று, உள்ளே வரக் காத்திருந்த ஆட்களே எங்கள் பீரோவைத் தூக்கி ஏற்றினார்கள். சைட்டில் என்னிடம் வேலை செய்பவர்கள்தான். தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒருவன் தயங்கி நின்றான். "மேடம், இது உங்க வீடா?"

"அவங்க வீடு இல்லடா, என் வீடு" என்றார் கவுன்சிலர். அடுப்பு மேடையை இடிக்கக் கடப்பாரையோடு அவருடைய ஆள் ஏற்கெனவே உள்ளே போயிருந்தான். அம்மா முதல் நாளே அந்த மேடையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள்.

அங்கிருந்து நான் பஸ்ஸில் சைட்டுக்குப் போய் வந்தேன். முதல் பஸ் பிடித்து வரலாமா என்று அம்மா அளத்துக் கங்காணியிடம் ஆள் விட்டுக் கேட்டாள். தாமதமாக வருகிறவளுக்கு வேலை இல்லை என்று பதில் வந்தது.

ஒரு மாதம் கழித்து என் செல்லுக்கு மாமா போன் செய்தார். அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கத்திப் பேசியது எனக்கும் கேட்டது.

"நம்ம ஆளு ஜெயிச்சிட்டாராமேக்கா!"

"ஜெயிச்சிட்டாருடா. நாங்க இப்பப் பெருமுக்கல் பக்கம் இருக்கோம். வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. அளத்து வேலையும் போச்சு."

மாமா குரலைத் தணித்துக் கேட்டார். "ரேஷன் கார்ட மாத்திட்டியா? மாத்தாதக்கா. என் பேரு அதுலதான் இருக்குது. அடுத்த வாட்டி ஓட்டு போடக் கூப்பிட்டாருன்னா?"

அம்மா போனை என்னிடம் நீட்டினாள். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.