தலைவருக்கு மதினி எழுதிய நல்ல வரிகள்

மதினியின் கைப்பேசி என்றால் அதன் பாலித்தீன் உறைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. என் அண்ணன் மனைவி, விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிறவர். பஞ்சுத் தூசி உள்ளே போய்விடக் கூடாதென்று அப்படி ஒரு ஏற்பாடு. மத்தியானம் வேலை விட்டதும் சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு வருவார். தூக்குச்சட்டியை ஓரமாக வைத்துவிட்டு, உறையைக் கழற்றாமல் அதன் மேலேயே தட்டித் தட்டி எழுதுவார். அவர் எழுதியது ஒரு முன்னாள் நகர்மன்றத் தலைவரைப் பற்றி. என் அண்ணனின் தறிக்கூடத்தை இடிக்கச் சொன்னவர் அவர்தான். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. பேருந்தில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம், அவ்வளவுதான்.

அந்த ஊரில் கோவில் கொடைத் திருவிழா வருவதற்கு முந்தின வாரம் தெருவை அகலப்படுத்தினார்கள். அண்ணனிடம் பட்டா இருந்தது. நோட்டீஸ் ஒன்றும் வரவில்லை, எந்திரம்தான் வந்தது. பாவு நூல் ஓடிக்கொண்டிருந்த தறிகளை அவசர அவசரமாக இழுத்துப் போட்டதில் பாதி உடைந்துபோயின. அதற்குப் பிறகு அண்ணனும் மதினியும் சங்கரன்கோவிலுக்கு வந்து அடுத்தவன் தறியில் கூலிக்கு நின்றார்கள். அண்ணன் குடிக்க ஆரம்பித்தார். குடித்தே செத்தும் போனார். கூடம் போனதால் குடித்தார் என்பதுதான் உண்மை. குடித்ததால் கூடம் போயிற்று என்று சொந்தக்காரர்கள் திருப்பிப் போட்டுச் சொன்னார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் அண்ணன் மகள் காதுபடவே சொன்னார்கள். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

இணையத்தில் எல்லோரும் கூடி எழுதும் கலைக்களஞ்சியம் ஒன்றில் ஓய்வு நேரத்தில் குளங்களைப் பற்றியும் ரயில் நிலையங்களைப் பற்றியும் நான் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தத் தலைவருக்கும் அதில் ஒரு கட்டுரை இருப்பதைத் தற்செயலாகப் பார்த்தேன். யாரோ மாலை போட்ட மாதிரி எழுதியிருந்தார்கள். மதினியிடம் காட்டினேன். யார் வேண்டுமானாலும் இதில் எழுதலாமா என்று இரண்டு முறை கேட்டார்.

"ஒரே ஒரு வரி போதும் தம்பி. நோட்டீசு குடுக்காம கூடத்த இடிச்சாவன்னு இருக்கணும். எம்மவ என்னைக்காவது தேடிப் பாத்தா, அப்பா தொலைக்கலன்னு தெரியணும்லா."

எழுதினார். சாயங்காலத்துக்குள் அழித்துவிட்டார்கள். மறுபடியும் எழுதினார், மறுபடியும் அழித்தார்கள். பிறகு கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் வழக்கு தொடங்கியது. தலைவரின் ஊர்க்காரர் ஒருவர் இது அவதூறு என்றார். பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் இன்னொருவர் நடுவராக வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. நடுநிலை என்பதற்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். குறையாக ஒரு வரி நிற்க வேண்டுமென்றால் அதைத் தாங்கும் அளவுக்குத் தலைவருடைய பணிகளும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். வெறும் மாலையாக இருந்ததையெல்லாம் ஆதாரமில்லை என்று அவர் ஏற்கெனவே வெட்டிவிட்டிருந்தார். கட்டுரை இப்போது மொட்டையாக நிற்கிறது, இதில் இடிப்பு மட்டும் இருந்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், முதலில் பணிகளை யாராவது எழுதுங்கள் என்றார். ஊர்க்காரர் எழுதவில்லை. அவருக்கு அழிக்கத்தான் தெரியும்.

கடைசியில் மதினி எழுதினார்.

எனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு என்ன கிறுக்கா மதினி? அந்தாளுக்கு நீங்க எழுதணுமா?" என்று கேட்டே விட்டேன்.

"தண்ணி கொண்டாந்தது அவருதான தம்பி. அதுக்கு முன்னால நான் கொடம் சொமந்திருக்கேன். இருக்கத இருக்குன்னு சொன்னாத்தான நம்மளையும் நம்புவாவ" என்றார்.

வார விடுப்பில் நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள் கட்டுகளைப் புரட்டினார். குடிநீர்க் குழாய், பெண்கள் பள்ளிக்குக் கழிப்பறை, மழைக்காலத்தில் மூழ்கும் தெருவுக்கு வாய்க்கால் என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். எல்லாவற்றுக்கும் படத்தோடு செய்தி இருந்தது. அலங்காரம் இல்லாமல், பொய் இல்லாமல், அவ்வளவு அழகாக எழுதினார். கழிப்பறை வந்த பிறகு வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்துவது குறைந்தது என்று ஒரு வரி. ஒரு தலைமையாசிரியை பேட்டியில் சொன்னதைத் தேடிப் பிடித்து அதற்கு ஆதாரமாக வைத்திருந்தார். அதைப் படித்தபோது எனக்கே அந்த மனிதர் மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

இடித்த வாரத்தின் தாளும் அந்தக் கட்டில் இருந்தது. கொடைக்குச் சிறப்பான ஏற்பாடு என்று தலைப்பு. படத்தில் அகலமான தெரு, வரிசையாக டியூப்லைட். கூடம் இருந்த இடத்தில் பந்தல்கால் நட்டிருந்தார்கள். மதினி அந்தச் செய்தியைத்தான் தன் வரிக்கு ஆதாரமாக வைத்தார். வேறு எதுவும் கிடைக்கவில்லை. பெங்களூர்க்காரர் மூன்று நாள் யோசித்துவிட்டுப் பணிவாக ஒரு பதில் எழுதினார். தாங்கள் சேர்த்த பணிகள் அனைத்தும் சிறப்பு, ஆனால் இந்தச் செய்தியில் இடிப்பு பற்றிக் குறிப்பு இல்லை, நேரில் பார்த்ததை ஆதாரமாகக் கொள்ள இயலாது. மதினியின் வரி போயிற்று. அதை நிற்க வைப்பதற்காக அவர் எழுதிய மற்ற வரிகளெல்லாம் அப்படியே நின்றன. நான் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டேன். உறவினர் என்பதால் என் கருத்து நடுநிலையானதல்ல என்று ஊர்க்காரர் எழுதினார். உறவினர்தான்.

சமீபத்தில் அந்தத் தலைவர் இறந்தார். இரங்கல் போஸ்டர் அடிக்க அவருடைய ஆட்கள் சிலர் என் கடைக்கே வந்தார்கள். என்ன வாசகம் போட வேண்டும் என்று கேட்டேன். கைப்பேசியை நீட்டினார்கள். குடிநீர், வாய்க்கால், பெண்பிள்ளைகளின் படிப்பு. ஒரு சொல் மாறவில்லை. வேறு கடைக்குப் போங்கள் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. தொழில். மதினி எழுதியதை நானே தட்டச்சு செய்து, கறுப்புக் கட்டம் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் செய்தித்தாளில் அவரைப் பற்றி அரைப் பக்கம் வந்தது. முக்கால்வாசி அந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தது. நிருபர் தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருந்தார். தெருவை அகலப்படுத்தியபோது தறிக்கூட உரிமையாளர்கள் மனமுவந்து இடம் கொடுத்தார்களாம். அன்றைக்கே ஊர்க்காரர் அதைக் கட்டுரையில் ஏற்றிவிட்டார், செய்தித்தாள் ஆதாரத்தோடு. நான் நீக்கினேன். பெங்களூர்க்காரர் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். ஆதாரம் உள்ளது, பொறுத்தருள்க என்று எழுதியிருந்தார்.

மதினியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் யாராவது சொல்லிவிடுவார்கள். அவர் இப்போதெல்லாம் கடைக்கு வருவதில்லை, எழுதுவதும் இல்லை. நான்தான் தறிக்கூடத்துக்குப் போனேன். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காதென்று வாசலுக்குக் கூட்டி வந்து, அந்த வரியைப் படித்துக் காட்டினேன். தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"மனமுவந்துன்னா போட்டிருக்காவ?"

"ஆமா மதினி."

"உங்க அண்ணன் பேரு இருக்கா அதுல?"

"இல்ல. உரிமையாளர்கள்னுதான் இருக்கு."

"நல்லவேளை" என்றார். "பேரு எங்கயும் வராமப் பாத்துக்கிடுங்க தம்பி."