மூன்றாவது மணி

ஈயம் உருகும் வாடை வந்தாலே பிரிக்பீல்ட்ஸில் மாரி அண்ணனின் மசாஜ் கடை நினைவுக்கு வந்துவிடுகிறது. அவருக்குக் கண் தெரியாது. அவருடைய பழைய பின்பால் மிஷினில், அதாவது இரும்புப் பந்தை அடித்து விளையாடும் பெட்டியில், பந்து இலக்கில் பட்டால் மணி அடிக்கும். மூன்றாவது இலக்கின் மணி மட்டும் ஊமையாகிவிட்டது.

"மணி இல்லன்னா பந்து எங்க போகுதுன்னே தெரியல, பாஸ். எப்படி விளையாடறது?" என்று பழுதுபார்க்க வந்த என்னிடம் கேட்டார்.

விடுவதில்லை என்று இரண்டு நாள் வயர்களை மாற்றி ஈயத்தால் பற்றவைத்தேன். மங்கிய பல்புகளையும் மாற்றினேன். மணி அடிக்கவில்லை. ஆனாலும் பெருமையாக, "பாருங்கண்ணே, எப்படி ஜொலிக்குது!" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "வயர விடுங்க. ஒவ்வொரு இலக்கையும் விரலால தட்டுங்க."

தட்டினேன்.

"மத்ததுல ரெண்டு தகடு ஒட்டுற சத்தம் கேக்குது. மூணாவதுல கேக்கல லா."

குனிந்து பார்த்தேன். அழுத்தியும், இலக்குக்குப் பின்னால் இருந்த சுவிட்சின் தகடுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி. இரண்டு நாளும் பார்த்துக்கொண்டே இருந்தவன், ஒரு நிமிடம்கூடக் காது கொடுத்துக் கேட்கவில்லை. தகட்டை மெல்ல வளைத்தேன். மணி கணீரென்றது.

அன்று மாலை முழுக்க அவர்தான் ஜெயித்தார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"பாஸ், அந்தப் புது பல்புங்கள கழட்டி எடுத்துட்டுப் போங்க. உங்களுக்குத்தான் தேவப்படும்."