மிளகு நிறத்தில் ஒரு சாலை

மாரமங்கலம் மலைச்சாலைத் திருப்பத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவரின் பெயரை நான் கேட்டதேயில்லை. எல்லோருக்கும் அவர் பாய்தான். ஒல்லியான மனிதர். பேசும்போதும் பழைய டயரைக் கத்தியால் பொடிப்பொடியாகச் சீவிக்கொண்டிருப்பார். கடைக்குப் பின்னால் வீடு. தலையில் ஆபரேஷன் ஆன மனைவிக்கு வண்டிச் சத்தம் ஆகாது. அதனால், ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தாரை உருக்கி வாசல் முன் சாலையில் ஊற்றி, அதன்மேல் ரப்பர்த் தூளைத் தூவியிருந்தார்.

என் ஸ்கூட்டருக்கு அவர் பஞ்சர் ஒட்டிய அன்று ஒரு லாரி, தூரத்திலிருந்தே விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் முனகல் கேட்டது. டிரைவர் நிறுத்தித் தலையை நீட்டினார்.

"ஏனுங்க பாய், மொளகை நடுரோட்டுலயா காய வெப்பாங்க? நசுங்கிப் போயிருமுங்க."

"மொளகு இல்லீங்க, ரப்பருங்க. நீங்க போங்க."

லாரி அதன்மேல் சக்கரச் சத்தமே இல்லாமல் போனது.

"எல்லாருமே இப்படித்தான் ஹாரன் அடிக்கிறாங்களா பாய்?" என்றேன்.

"நொம்ப நல்லவங்க. நம்ம மொளகு நசுங்கக் கூடாதுன்னுதான அடிக்கறாங்க. அவங்கள என்னன்னு திட்டறதுங்க?"

கீழே அடுத்த ஹாரன் கேட்டது. கரி படிந்த கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே, மனைவியின் காதைப் பொத்த உள்ளே ஓடினார்.

இன்றும் சாலையில் மிளகு காய்வதைக் கண்டால், ஹாரனுக்குப் போகும் என் கை பாதியில் நின்றுவிடுகிறது.