நான் கலந்த பச்சை

“வார்னிஷ் டப்பாவை மூடுங்க.”

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாலிகஞ்சில் ஒரு வீட்டு முன்னறையில், என் மனைவி கோமதி சொன்னது இது. குரலை உயர்த்தவில்லை. அடுப்பை அணைக்கச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் என்னைப் பற்றி நான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி அந்த நிமிடத்தில் இடிந்து விழுந்தது.

அந்த டப்பா ஏன் என் கையில் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீடு தபன்-தாவுடையது. கிடர்பூர் துறைமுகத்தில் சரக்குகளுக்கு கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வாங்கித் தரும் ஒரு கம்பெனியில் அவரும் நானும் எதிரெதிர் மேஜை. முப்பது வருடம் ஒரே மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தவர்கள். வங்காளத்தில் ‘தா’ என்றால் அண்ணன். எங்களில் யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. அதனால் அவர் எனக்குத் தபன்-தா, நான் அவருக்கு மணி-தா. இப்போது இருவருமே ரிட்டயர்டு.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல்காரர்களுக்கென்று ஒரு பழைய கிளப் இருந்தது. அதை மூடியபோது, மூலையில் கிடந்த பின்பால் மெஷினைப் பழைய இரும்புக்குப் போடப் போனார்கள். தபன்-தா குறுக்கே விழுந்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பின்பால் தெரியும்தானே? நான்கு கால் வைத்த சரிவான பெட்டி, மேலே கண்ணாடி, உள்ளே படம் வரைந்த மரப்பலகை. எஃகு உருண்டை ஒன்று அதில் அங்கும் இங்கும் மோதிக்கொண்டு கீழே உருண்டு வரும். பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தினால் இரண்டு குட்டி மட்டைகள் அதைத் திரும்ப மேலே தட்டும். தட்டத் தவறினால் உருண்டை பள்ளத்தில்... அவ்வளவுதான் ஆட்டம்.

தபன்-தா ஒயரிங், பல்பு, காயில் எல்லாவற்றையும் ஒரு வருடம் பொறுமையாகச் சரிசெய்தார். மிச்சம் இருந்தது பலகை. நடுவில் ஒரு நீராவிக் கப்பல், மேல்தளத்தில் தொப்பிக்காரப் பெண் ஒருத்தி, சுற்றிலும் கடல். உருண்டை ஓடி ஓடி, மட்டைகளுக்கு மேலே கடல் தேய்ந்து மரம் தெரிந்தது. குழிகளின் விளிம்பில் பெயின்ட் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது.

“துர்கா பூஜைக்கு எங்க பாடா கிளப்ல இதை வைக்கலாம்னு இருக்கேன். இந்தக் கடல் மட்டும்தான் பாக்கி” என்றார் தபன்-தா. எப்போதும்போல வங்காள மொழியில்தான் பேசினார். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். பாடா என்றால் அவருடைய தெரு, அக்கம்பக்கம்.

“நான் வரைஞ்சு தர்றேன்” என்றேன்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஆனால் என் கை நடுங்காது. ஆபீஸ் ஃபைல் ஓரங்களில் நான் வரைந்த முகங்களுக்கு ரசிகர்கள் உண்டு. எனக்கென்ன பயம்?

ஒவ்வொரு ஞாயிறும் காளிகாட்டில் மெட்ரோ ஏறி டாலிகஞ்ச் போவேன். இந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் அழுக்கைத் துடைத்து, பழைய பெயின்ட்டின் மேல் ஒரு கோட் வார்னிஷ். அது காய்ந்து கெட்டியான பிறகு, அதற்கு மேல்தான் புதுப் பெயின்ட். தப்பாகிவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் புதுசை மட்டும் துடைத்துவிடலாம்; பழசுக்கு ஒன்றும் ஆகாது. எல்லாம் திருப்தி என்றால் மேலே மறுபடி மூன்று கோட் வார்னிஷ். அதற்குப் பிறகு... நீங்கள் என்ன வரைந்தீர்களோ அதுதான், ஜென்மத்துக்கும்.

கஷ்டம் வரைவதில் இல்லை, நிறத்தில். டியூபிலிருந்து வரும் புதுப் பச்சைக்கும், வருடக்கணக்கில் மங்கி மஞ்சளடித்துப்போன கடல் பச்சைக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. பச்சையை மங்கவைக்க அதில் துளி சிவப்பு சேர்க்க வேண்டும் என்று படித்திருந்தேன். சேர்த்தேன். கலவையில் ஒரு பொட்டு எடுத்துக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் வைத்து, தாளைப் பழைய கடலின் மேல் வைத்துப் பார்ப்பேன். பொட்டு தனியாகத் தெரிந்தால் நிறம் சேரவில்லை. இன்னும் துளி சிவப்பு. இன்னும் துளி...

மூன்றாவது ஞாயிறு பொட்டு மறைந்துவிட்டது! கடலும் அதுவும் ஒன்று. நான் சந்தோஷத்தில் கத்தியதைக் கேட்டுத் தபன்-தா ஓடிவந்தார். பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தாருண்! பிரமாதம், மணி-தா” என்றார்.

அந்தக் ‘கொஞ்ச நேரம்’ பற்றி எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. அன்றும் அடுத்த ஞாயிறும் உட்கார்ந்து, கடலில் தேய்ந்த இடம் மொத்தத்தையும் முடித்தேன்.

ஐந்தாவது ஞாயிறு வார்னிஷ். தபன்-தா கோமதியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். எங்களுக்காகவே வெங்காயம், பூண்டு போடாத பருப்பும், தக்காளிச் சட்னியும் செய்யச் சொல்லியிருந்தார். வந்ததும் நான் அவளை நேராகப் பலகை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷை நனைத்து, “எப்படி இருக்கு?” என்றேன்.

கோமதி பலகையைப் பார்த்தாள். தபன்-தாவைப் பார்த்தாள். தபன்-தா ஜன்னலைப் பார்த்தார்.

அப்போதுதான் அந்த வாக்கியம்.

“ஏன் மூடணும்?”

“கடல் ப்ரவுனா இருக்குங்க.”

சிரித்துவிட்டேன். “ப்ரவுனா? கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு.”

“போட்டுக்கிட்டுத்தான் நிக்கறேன்.” தபன்-தா பக்கம் திரும்பி வங்காள மொழியில் கேட்டாள்: “தபன்-தா, நீங்களே சொல்லுங்க. இது என்ன நிறம்?”

பாவம், மனிதர் தவித்துப்போனார். “இல்ல பௌதி... அப்படி ஒண்ணும்... கொஞ்சம்... டீ மாதிரி...” என்று இழுத்தார். பௌதி என்றால் அண்ணி. அண்ணியிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நான் பலகையை உற்றுப் பார்த்தேன். பழைய கடல், என் கடல். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. சத்தியமாக ஒன்றாகத்தான் இருந்தன.

“உங்களுக்குப் பச்சையும் ப்ரவுனும் பிரிஞ்சு தெரியாதுங்க” என்றாள் கோமதி. “கல்யாணமான வருஷமே எனக்குத் தெரியும்.”

அன்று என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

திரும்பும்போது மெட்ரோவில் அவளை விட்டுவிட்டு எதிர் சீட்டில் போய் உட்கார்ந்தேன். வெட்கம் ஒரு பக்கம். ஐந்து வாரம் ஒரு மனிதரின் வீட்டில் உட்கார்ந்து அவர் பொக்கிஷத்துக்குச் சேறு பூசியிருக்கிறேன்! கோபம் இன்னொரு பக்கம். முப்பத்தோரு வருடம் என்னை ஒரு முட்டாளாக வைத்திருந்தாளா?

மறுநாள் கண் டாக்டரிடம் போனோம். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் ஒரு புத்தகத்தை அந்தப் பெண் டாக்டர் என் முன்னால் புரட்டினார். எனக்கு வெறும் புள்ளிகள். பின்னால் நின்ற கோமதி, வாய்ப்பாடு சொல்வதுபோல முணுமுணுத்தாள்: “எழுபத்திநாலு... ஆறு... நாப்பத்தஞ்சு...”

“பிறவியிலேயே இருக்கறது சார். ஆபத்து ஒண்ணும் இல்ல, மருந்தும் இல்ல” என்றார் டாக்டர். “ரயில்வே மாதிரி வேலைக்குப் போயிருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பாங்க.”

நான் போன வேலையில் எல்லாமே வெள்ளைத் தாளும் கறுப்பு மையும். பளிச்சென்ற பச்சை, பளிச்சென்ற சிவப்பு எனக்குத் தெரிந்துவிடும். மங்கலானவைதான் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடுமாம். கரைகிறது என்பது அப்படியே பார்த்துப் பழகினவனுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

ஆபீஸ் போன காலமெல்லாம் காலையில் பேன்ட், சட்டை, சாக்ஸ் வரை எடுத்து நாற்காலியில் வைத்துவிடுவாள். நானாக அலமாரியைத் திறந்தால், “அதை எடுக்காதீங்க” என்பாள். காய்கறிக் கடைக்கு நான் கிளம்பினால், “நான் போயிக்கறேன்.” தக்காளி பழமா காயா என்று எனக்குப் பார்க்கத் தெரியாது என்று கேலி வேறு. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மேப் வரையச் சொன்னால், “அப்பா கோடு போடுவாங்க, கலர் நாம அடிக்கலாம்” என்று பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

இதெல்லாம் அதிகாரம் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமா? பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில், என் சட்டையைக்கூட நான் தேர்ந்தெடுக்க உரிமையில்லாத வீடு என்று நகைச்சுவையாக ஒரு வாரம் புலம்பியிருக்கிறேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். ‘எங்கள் வீட்டிலும் இதே கதைதான் சார்’ என்று ஆண்கள் பலர் கடிதம் போட்டார்கள். அந்தக் கடிதங்களை அவளிடமே படித்துக் காட்டினேன். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே... ‘உங்களுக்குத் தெரியாதுங்க, அதனாலதான்’ என்று!

சாயந்திரம் டீ போட்டுக் கொண்டுவந்தாள். கேட்டுவிட்டேன்.

“எப்படிக் கண்டுபிடிச்சே?”

“கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதுசு. காளி கோயில் சந்துல, பொழுது மங்கற நேரம், ஒரு வீட்டு வாசல்ல செம்பருத்திச் செடி. செடி முழுக்கச் செவப்பா பூத்துக்கெடந்துச்சு. ‘அங்க பாருங்க, எவ்வளவு பூ!’ன்னேன். நீங்க எங்க எங்கன்னு தேடறீங்க. கண்ணு முன்னால இருக்கு, தெரியல. அப்புறம் என் முகத்தைப் பார்த்துட்டு, ‘ஆமா ஆமா, ரொம்ப அழகா இருக்கு’ன்னீங்க.”

எனக்கு அது நினைவே இல்லை.

“சரி, அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“எதுக்கு? புது ஊரு, பாஷை தெரியாது, நான் மருண்டுபோய்க் கெடந்தேன். நான் சந்தோஷப்படணும்னு நீங்க ஒரு பொய் சொன்னீங்க. எனக்காக ஒருத்தர் பொய் சொல்றாரேன்னு இருந்துச்சு. சரி, நாமளும் இவருக்காக ஒண்ணைச் சொல்லாம இருப்போமேன்னு விட்டுட்டேன். அப்புறம் அப்படியே பழகிப்போச்சு.”

“இப்ப மட்டும் ஏன் சொன்னே?”

“நம்ம வீட்டுல எது எந்தக் கலர்ல இருந்தாலும் நான் பார்த்துக்குவேன். அது அவரு வீட்டுப் பொருளுங்க. வார்னிஷ் அடிச்சுட்டா அப்புறம் நான் என்ன பண்ண முடியும்?”

டம்ளரை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன். கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. முப்பத்தோரு வருடம் ஒருத்தி காலையில் எழுந்ததும் என் சாக்ஸுக்கு ஜோடி பார்த்து வைத்திருக்கிறாள். யாரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்பதற்காக. அதற்கு நன்றி வாங்குவது இருக்கட்டும், பத்திரிகையில் கெட்ட பெயர்கூட வாங்கியிருக்கிறாள்!

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் மெட்ரோ ஏறினோம்.

ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் என் கடலைத் துடைத்தெடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. அப்புறம் கோமதி என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பிரஷ் பிடித்தே பழக்கமில்லாதவள். பிளாஸ்டிக் தாளைப் பலகை மேல் பிடித்துக்கொண்டு உத்தரவு போட ஆரம்பித்தாள்.

“இன்னும் கொஞ்சம் மஞ்சள். போதும், போதும். நீலம் ஒரு சொட்டு... அய்யோ, அந்தச் சிவப்பை மட்டும் தொடாதீங்க!”

கை என்னுடையது, கண் அவளுடையது. பலகை மேல் இருவர் தலையும் இடித்துக்கொள்ளும் அளவுக்குக் குனிந்து, மூன்று ஞாயிறு வேலை பார்த்தோம். இத்தனை வருடக் குடித்தனத்தில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பொருளைச் செய்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நிறம் சேர்ந்துவிட்டது என்று அவள் சொன்னபோது நானும் எட்டிப் பார்த்தேன். எனக்குப் பழைய தப்பும் புதுச் சரியும் ஒரே மாதிரிதான் இருந்தன. நம்பினேன். நம்புவதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மூன்று கோட் வார்னிஷ் காய்ந்தது. தபன்-தா கண்ணாடியை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். பலகைக்கு அடியிலிருந்து பல்புகள் எரிந்து, தொப்பிக்காரப் பெண்ணின் முகத்தில் வெளிச்சம் வந்தது. முதல் உருண்டையைக் கோமதிதான் விட்டாள். மணிகள் அடித்தன. மட்டையை அழுத்த மறந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உருண்டை பள்ளத்தில் விழுந்தது. “இன்னொண்ணு!” என்றாள்.

நான் தபன்-தாவை ஓரமாக அழைத்துப்போய்க் கேட்டேன்.

“உங்களுக்கு மூணாவது வாரமே தெரியும். ஏன் சொல்லல? நான் பாட்டுக்கு வார்னிஷ் அடிச்சிருந்தா?”

தபன்-தா என் தோளில் கை போட்டார். “அஞ்சு ஞாயித்துக்கிழமை எனக்காக வந்து உட்கார்ந்திருக்கீங்க மணி-தா. உங்க சந்தோஷத்துக்கு முன்னால கடல் என்ன பெரிய கடல்? அதுவும் இல்லாம, கிடர்பூர்ல நாம முப்பது வருஷம் பார்த்த கங்கையும் ப்ரவுன்தானே!”

கங்கை ப்ரவுனா? அதையும் யாரும் என்னிடம் சொன்னதே இல்லை.