பல்வலியை ஒப்புக்கொடுத்தேன்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒருவர் கறியை விடுவார், ஒருவர் பீடியை விடுவார். நான் போன வருடம் பல் டாக்டரை விட்டேன். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. மகள் அரசு வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் தேற வேண்டுமென்று அந்த வலியை அப்படியே ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். ரூட் கெனால் என்றாலே எனக்குக் குலை நடுங்கும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் மகள் புத்தகத்தை மூடினாள்.

"இன்னா நைனா, டாக்டராண்ட போவவே மாட்டியா?"

வேண்டுதலைச் சொன்னேன். கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன்.

"வூடே ஒரு ரூமு. நீ பொழுதுக்கும் மொனகிகினே கீற. நான் எப்டி படிக்கிறது? உன் வேண்டுதல்தான் நைனா எனக்குப் பேஜாரு!"

சுருக்கென்றது. அவள் சொன்னது உண்மை என்பதால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

டாக்டரம்மா சின்னப் பெண். எக்ஸ்ரே எடுத்து, ஈறில் ஊசி போட்டார். எறும்பு கடித்த அளவுதான். பத்து நிமிடத்தில் உதடு மரத்துப்போனது. பல்லில் துளை போட்டு, மெல்லிய கம்பிகளை விட்டு, கெட்டுப்போன நரம்பைச் சுரண்டி எடுத்தார். இதோ வலிக்கப்போகிறது, இதோ வலிக்கப்போகிறது என்று காத்திருந்தேன். வரவே இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு அந்த மெஷின் சத்தம் ஒரு சத்தமா? மூன்று வாரத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

"சார், தூங்காதீங்க, வாய் மூடிக்குது!"

தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். மரப்பு போகும்வரை சாப்பிட்டால் கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள், இரண்டு மூன்று நாள் லேசாக வலிக்கும், அடுத்த வாரம் வந்து முழுதாக அடைத்துக்கொண்டு பிறகு பல்லுக்கு மூடியாகக் கேப் போட வேண்டும் என்றார். எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது.

வீட்டில் சத்தமே இல்லை. அவள் படித்தாள், நான் தூங்கினேன். ஆனாலும் மனசு உறுத்தியது. ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டேனே, அது பிள்ளையின் தலையில் விடியுமோ என்று பரீட்சை முடிவு வரும்வரை பயந்து செத்தேன்.

தேறிவிட்டாள். தெருவே கேட்கும்படி கத்தினேன். வாயை முழுக்கத் திறந்து கத்தி எத்தனை நாளாயிற்று! மெழுகுவர்த்தி ஏற்றக் கோயிலுக்குக் கிளம்பினேன்.

"ரெண்டா வாங்கு நைனா," என்றாள் மகள். "ஒண்ணு டாக்டரம்மாவுக்கு."