ஓமென்று சொல்லாத றோஸ்

குருநகரில் மீன் வெட்டிப் பிழைக்கும் றோஸுக்கு நித்திரை என்பது ஒரு சின்னக் குளிசை. கடலுக்குப் போன புருசன் லெனாட் கடற்படையின் சூடுபட்டுப் பிணமாகக் கரையொதுங்கிய வருடம், ஒரு டொக்டர் அதை எழுதிக் கொடுத்தார். நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. கத்தியைப் பிடித்தாள், மகள் லவீனாவை வளர்த்தாள். பிறகு வந்த டொக்டர்மார் பழைய மருந்துத் துண்டைப் பார்த்து அதையே எழுதினார்கள். அவள் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

புதிதாக வந்த இளம் டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் கோபம் வந்தது.

"இவ்வளவு காலமும் உந்தக் குளிசையைப் போட்டனீங்களோ? உது போதை மாதிரி, அம்மா. இண்டையோடை நிப்பாட்டுங்கோ."

"சடாரெண்டு விட்டா ஏதும் செய்யாதோ, ஐயா?"

"நான் டொக்டரோ, நீங்கள் டொக்டரோ?"

படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது அவர் படித்த புத்தகத்திலேயே இருக்கிறது. வெளியே வரிசை நீண்டிருந்தது; அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்தக் கிழமையே றோஸின் கை உதறத் தொடங்கியது. நித்திரை போனது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சந்தையில் ஒருவன் ஐஸ்பெட்டியைத் தொப்பென்று போட, சுடுகிறான்கள் என்று அலறிக் கத்தியை வீசினாள். அவன் தோள் கிழிந்தது.

தம்பி கனிசியஸ், பேய் பிடித்துவிட்டது என்று அவளை இழுத்துவந்து முற்றத்துப் பூவரசில் வலைக்கயிற்றால் கட்டினான். அயல் கூடியது. கூரையில் செருகியிருந்த திருக்கை மீன் வாலை உருவினான். அந்தக் காய்ந்த முள் வாலுக்குப் பேய் பயப்படுமாம். கிழிவதென்னவோ மனிதத் தோல்தான்.

"ஆர் நீ? பேரைச் சொல்லு!"

"றோஸ்."

வால் முதுகில் விழுந்தது.

"உண்மையைச் சொல்லு!"

"எங்கடை அம்மா வைச்ச பேரடா, விசரா!"

கூட்டத்தில் ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள். கனிசியஸுக்கு வெறி ஏறியது.

"லெனாட் அத்தான்தானே உனக்குள்ளை நிக்கிறார்? ஓமெண்டு சொல்லு, விடுறன்."

சொன்னால் அடி நிற்கும். சொன்னால், வெடிபட்டுச் செத்தவன் ஊருக்குப் பேயாவான். சுட்டவன் மனிதனாகவே இருப்பான். சட்டை இரத்தத்தோடு முதுகில் ஒட்டியிருந்தது.

"இல்லை. அந்த மனிசனைத் தாட்டாச்சு. நீதானே சவப்பெட்டி தூக்கினனி."

மறுபடி அடித்தான். மறுபடி "இல்லை" என்றாள். பிறகு கண் மேலே செருகியது, வாயில் நுரை தள்ளியது, உடம்பு கயிற்றோடு வெட்டி வெட்டி இழுத்தது.

"போகுது! பேய் போகுது!" அயல் கைதட்டியது.

வேலை முடிந்து வந்த லவீனா கூட்டத்தைப் பிளந்து ஓடிவந்து கயிற்றை அறுத்தாள். "தள்ளு மாமா! உது வலிப்பு!" ஓட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள்.

வாட்டில் ஊசி போட்டார்கள். வலிப்பு நின்றது. "ஆர் உந்தக் குளிசையை ஒரேயடியா நிப்பாட்டினது? இனி மெல்ல மெல்லத்தான் குறைக்கலாம்," என்றார் அங்கிருந்த டொக்டர்.

பின்னேரம் கனிசியஸ் தோடம்பழப் பையோடு வந்து நின்றான்.

"பாத்தியே அக்கா, அத்தான் உன்னை விட்டுப் போயிட்டார்."

ஊசி ஏற்றிய கையாலேயே றோஸ் அவன் கன்னத்தில் அறைந்தாள். பழங்கள் கட்டிலுக்கடியில் உருண்டன.

"லவீனா, பொலிசுக்குப் போ பிள்ளை. உவனையும் சொல்லு, அந்த டொக்டரையும் சொல்லு."