ஈரலைக் காக்க வந்த குப்பி

என் அண்ணனுக்கு ஹல்துமுல்லைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. குடிப்பார். ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதாகப் பரிசோதனையில் வந்ததும் பயந்துபோனார். பயந்தவர் குடியை விட்டிருக்கலாம். விடாமல், கூடப் படித்த ஓர் ஆளிடம் மூலிகை மாத்திரை வாங்கினார்.

அந்த ஆளைத் தேயிலைத் தோட்டம் முழுக்கத் தெரியும். முன்பு முதுகுவலிக்குக் காந்த மெத்தை விற்றவர். இப்போது வெயிலிலும் டை கட்டிக்கொண்டு ஊரார் ஈரலைக் காப்பாற்றக் கிளம்பியிருந்தார். குப்பியில் கீழாநெல்லி என்று பெரிதாகப் போட்டிருந்தது. எங்கள் லயத்து வீடுகளின் சாக்கடைக் கானோரம் முளைத்துக் கிடக்கிற செடி. ஆடுகூட அதைச் சட்டை செய்யாது. வேறென்ன கலந்திருக்கிறது என்பது படிக்கவே முடியாத பொடி எழுத்தில் இருந்தது. நான் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அண்ணி அந்தக் குப்பியைச் சாமிப் படத்தடியில் வைத்துக் கும்பிட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் படிப்பின் லட்சணம் அவ்வளவுதான்.

அதன்பின் அண்ணன் முன்னைவிட நிம்மதியாகக் குடித்தார். கேட்டால், "அதான் மருந்து போடுறேனே" என்பார்.

இரண்டு மாதத்தில் கண் மஞ்சளானது. அண்ணி போன் எடுத்துக் கேட்டதற்கு, உள்ளே கிடந்த விஷம் வெளியேறுகிறது, மாத்திரையைக் கூட்டிக் கொடுங்கள் என்றாராம் அந்த ஆள். கூட்டினார்கள். சோறு இறங்காமல் போன பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். வேன் பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கெடுத்தது சாராயமா மாத்திரையா என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் நிறுத்தச் சொன்னார்.

அண்ணன் நிறுத்தினார். பல வாரம் கழித்துக் கண் வெளுத்தது. இன்றுவரை குடிக்கவில்லை.

அவர் வீடு திரும்பியதும் அந்த ஆள் திராட்சைப் பையோடு வந்தார். தோட்டத்து மண்டபத்தில் மாத்திரை விற்கிற கூட்டமாம்.

"மச்சான், நீ குணமாகி வந்தத மட்டும் சொன்னாப் போதும்."

"எதனால படுத்தாருன்னும் சொல்லலாங்களா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டார். வெட்கம் என்ற ஒன்று அந்த முகத்தில் எங்கும் இல்லை.

அண்ணனுக்கு முகத்துக்கு நேரே மறுக்க வராது. போனார். மைக்கைப் பிடித்து உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"குடிச்சேன். இந்த மாத்திரையும் சாப்பிட்டேன். கண்ணு மஞ்சளாச்சு. டாக்டரம்மா ரெண்டையும் நிப்பாட்டச் சொன்னாங்க. நிப்பாட்டினேன். இப்ப நல்லாயிருக்கேன்."

மண்டபம் கைதட்டியது. அந்த ஆள் மைக்கை வாங்கி, நல்லாயிருக்காராம், கேட்டீர்களா என்றார். மாத்திரை வாங்க மேசை முன்னால் வரிசை நின்றது. அதில் என் மாணவி ஒருத்தியின் அம்மாவும் இருந்தார். அவர் கையைப் பிடித்து, அண்ணன் சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டேன்.

"விழுந்துச்சு டீச்சர். அவரே நல்லாயிருக்கேன்னுதானே சொன்னாரு" என்று கையை விடுவித்துக்கொண்டு வரிசையில் ஓரடி முன்னே போனார்.